அச்சுப்பொறி இருக்கும் வீடு

"ஓவியம் கையால் எழுதுவது, அச்சு யந்திரத்தால் அடிப்பது. இரண்டையும் சேர்த்து அச்சோவியம் என்று ஒன்றைச் சொல்லுகிறார்களே, அது கலையாகுமா?"

அட்டனிலிருந்து மாணவ அன்பர் ஒருவர் இவ்வாறு நம்மை வினவியிருக்கிறார். உயர்தர வகுப்பிலே சித்திரம் பயிலுகின்றவராம். வெளிநாட்டுக் கலை நிலையமொன்று ஓவியர்களைச் சில மாதங்கள் தன்னிடத்திலே தங்கவைத்து, அச்சோவியம் செய்வதற்கு அறையும் பொறியும் கொடுக்கிறது என்ற செய்தியைப் படித்தாராம். அச்சடிப்பதற்கு ஒருவரை வீட்டோடு வைத்திருப்பானேன் என்பது அவருடைய இரண்டாவது ஐயம். இரண்டும் நல்ல ஐயங்களே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கேட்டிருப்பதால், தோட்டத்திலிருந்தே விடையைத் தொடங்குகிறோம்.

தொழிற்சாலையிலே வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அக்காலத்தில் தேயிலையை மரப்பெட்டிகளிலே நிறைத்து அனுப்பினார்கள். பெட்டியை ஆணியடித்து மூடியபின், எழுத்து வெட்டிய மெல்லிய தகடொன்றை அதன்மேல் வைத்துக் கருமையைத் தடவுவார் ஒருவர். தகட்டை எடுத்தால் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் இலக்கம், நிறை யாவும் பலகையிலே பதிந்திருக்கும். அந்த எழுத்தைக் கொண்டே 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திலும், 1998இல் நின்றுபோன இலண்டன் ஏலத்திலும் இன்ன தோட்டத்துத் தேயிலை இதுவென்று இனங்கண்டார்கள். இப்பொழுது மரப்பெட்டிகள் போய்க் காகிதப் பைகள் வந்துவிட்டன. ஆயினும் அந்தத் தொழிலாளி செய்தது அச்சுவேலையே. வெட்டிய இடத்தின் வழியாக மை இறங்கும், வெட்டாத இடம் மையைத் தடுக்கும் என்னும் அதே விதியைக் கொண்டுதான் இன்றைய ஓவியர்கள் துணித் திரையிலே படம் அச்சிடுகிறார்கள்.

லயத்துச் சுவரிலே மாட்டியிருக்கும் இலட்சுமி, சரசுவதி படங்களையும் நினைத்துப் பாருங்கள். ஓவியர் இரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயிலே கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவித் தம் தெய்வப் படங்களை அச்சிட்டுப் பரப்பினார். அரண்மனையிலே இருந்த சித்திரம் அதன் பிறகே ஏழையின் வீட்டுச் சுவருக்கு வந்தது. அந்த வழியிலே பின்னாளில் சிவகாசி நாட்காட்டிகளும் வந்து சேர்ந்தன. மலைநாட்டு வீடுகளிற் சட்டம் போட்ட முதற் சித்திரம் பெரும்பாலும் ஓர் அச்சுப்படமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் நாட்காட்டிப் படத்தை அச்சோவியம் என்று கலைஞர் சொல்லமாட்டார். ஏற்கெனவே எழுதி முடித்த படமொன்றைப் பல்லாயிரமாகப் பெருக்கியது நாட்காட்டி. அச்சோவியத்திலே முன்னதாக எழுதி முடித்த படம் என்று ஒன்று கிடையாது. ஓவியர் மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ தம் கையாலே கோடு இடுகிறார். அந்தக் கோடு காகிதத்தில் அழுந்தும்போதுதான் படம் முதன்முறையாகப் பிறக்கிறது. இருபது படிகள் எடுத்தால் இருபதும் மூலமே. படத்தின் கீழே பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால், இருபது படிகளில் இது மூன்றாவது என்று பொருள். எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறி அதனை இனிப் பயன்படாதவாறு செய்துவிடுவது பலரது வழக்கம். வாங்கியவரை ஏமாற்றாமைக்கு அது சான்று.

செப்புத் தகட்டிலே அரித்து அச்சிடும் முறையைச் சற்று விரித்துச் சொன்னால், இதிலே கைக்கும் யந்திரத்துக்கும் உள்ள பங்கு விளங்கும். மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசுகிறார்கள். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் எழுதுகிறார்கள். பின்னர் தகட்டை அரிக்குந் திரவத்திலே இடுகிறார்கள். பூச்சு உள்ள இடம் தப்பிக்கொள்ளும்; கீறிய இடத்தைத் திரவம் தின்றுவிடும். ஐந்து நிமிடம் கிடந்த கோடு மெல்லியது. அரைமணி கிடந்த கோடு ஆழமானது. பிறகு பூச்சைக் கழுவி, தகடு முழுவதும் மையை அப்பி, மஸ்லின் துணியால் மெல்ல மெல்லத் துடைக்கிறார்கள். மேற்பரப்பிலுள்ள மை போய்விடும், பள்ளத்திலுள்ளது தங்கிவிடும். அளவுக்கு மிஞ்சித் துடைத்தாற் படம் வெளிறும், குறைந்தாற் கறுத்துவிடும். இறுதியிலே ஈரமாக்கிய தடித்த காகிதத்தை அதன்மேல் வைத்து, கம்பளிகளைப் போர்த்தி, இரும்பு உருளைகளின் நடுவே தள்ளுகிறார்கள். ஈரக்காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வருகிறது. படம் இடம் வலம் மாறி வரும். வலக்கையிலே கத்தி பிடித்த பெண்ணைத் தகட்டில் எழுதினால், காகிதத்தில் அவள் இடக்கைப் பழக்கக்காரியாகிவிடுவாள். இதனை முன்பே எண்ணித்தான் எழுதவேண்டும்.

நம் அன்பரின் இரண்டாவது ஐயத்துக்கு விடை அந்த இரும்பு உருளைகளிலே இருக்கிறது. வர்ணப் பெட்டியையும் தூரிகையையும் ஏழை மாணவன் எப்படியாவது வாங்கிவிடலாம். உருளைப் பொறியோ பல நூறு கிலோ நிறையுள்ளது. லயத்து அறையிலே வைத்தால் வீட்டார் வெளியே படுக்க வேண்டியதுதான்! அமிலத் தொட்டி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், படிகளை உலர்த்தக் கொடிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மை துடைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்திலே நிற்க வேண்டும். ஆகையால் அச்சோவியர்கள் தொன்றுதொட்டே ஒரு பொறியைச் சுற்றிக் கூட்டமாக வாழ்ந்தவர்கள். ஒரு தகடு பக்குவப்பட வாரக்கணக்கிலே ஆகுமாதலால், வந்தவர் அங்கேயே தங்கவும் வேண்டியிருக்கிறது.

இத்தகைய வீடுகளிற் புகழ்பெற்றது பாரிசிலே ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1927இல் தொடங்கியது. அவர் இரசாயனம் படித்து, பாரசீகத்திலே எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பட்டறை இருந்த வீட்டின் இலக்கம் பதினேழாகையால் அதற்கு 'அத்தெலியே 17' என்று பெயர் வழங்கிற்று. பட்டறை 17 என்று சொல்லலாம். பிக்காசோவும் மீரோவும் அங்கே வேலை செய்தவர்கள். ஹேய்ட்டர் 1988இல் மறைந்த பின்னர் அது வேறு பெயரிலே தொடர்ந்தது. அங்கே ஆசான் முன்னே நின்று கட்டளையிடுவதில்லை. ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் கற்றுக்கொள்வார். அதனை மூன்றாமவர் திருத்துவார்.

அந்த வீட்டுக்குள் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் போய்ச் சேர்ந்தார். சித்தூர் மாவட்டத்து நந்தனூரிலே 1925இற் பிறந்த கிருஷ்ண ரெட்டி அவர். சாந்திநிகேதனத்திற் பயின்று, 1940களின் இறுதியிலே சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியம் கற்பித்தவர். பின்னர் இலண்டன் வழியாகப் பாரிஸ் சென்று ஹேய்ட்டரின் பட்டறையிற் சேர்ந்து, அதன் இணை இயக்குநராகவும் உயர்ந்தார். அதுவரை பல நிறப் படம் வேண்டுமானால் பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு தகடு வேண்டும். ரெட்டியும் அவர் தோழர்களும் ஒரே தகட்டிலே எல்லா நிறத்தையும் ஒரே தடவையில் அச்சிட வழி கண்டார்கள். எண்ணெய் மிகுந்த மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றன்மேல் ஒன்று படும்போது கலவாமல் விலகி நிற்கும். தகட்டைப் பல ஆழங்களிற் செதுக்கி, கடினமான உருளையால் ஒரு மையை மேட்டிலும், மென்மையான உருளையால் இன்னொரு மையைத் தாழ்விலும் ஏற்றினார்கள். நம் தாய்மார் குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெயை நாள்தோறும் பார்க்கிறார்கள். அதிலே ஓர் ஓவிய முறை ஒளிந்திருந்ததைக் காண ஒரு பட்டறையும் பலர் கூட்டுறவும் வேண்டியிருந்தன. ரெட்டி 2018இல் நியூயோர்க்கில் மறைந்தார்.

அமெரிக்காவிலே கல்லச்சுக்கலை அழியப்போகிறதென்று கண்ட ஜூன் வேய்ன் என்ற பெண்மணி 1960இல் தமரிண்ட் என்னும் பட்டறையை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிறுவினார். ஓவியரும் கைதேர்ந்த அச்சுத் தொழிலாளரும் அருகருகே நின்று ஒரே கல்லில் வேலை செய்யும் ஏற்பாடு அங்கே உண்டு. தேவகோட்டையிற் பிறந்த தமிழ் ஓவியர் ஆர். எம். பழனியப்பன் பிற்காலத்தில் அதிலே பயின்றவர். சென்னைக் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித கலா அக்கடமியின் மண்டல நிலையத்திலும் அச்சோவியப் பட்டறை உண்டு. பழனியப்பனே அந்நிலையத்தின் பொறுப்பிலும் இருந்திருக்கிறார்.

பாரிசும் அமெரிக்காவும் சென்னையும் இருக்கட்டும். மலைநாட்டிலே இப்படி ஒரு வீடு எழவேண்டுமென்று நாம் கருதுவதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. மலைநாட்டுத் தமிழருடைய கதையில் அச்சும் முத்திரையும் நெடுங்காலம் பிறருடைய கையிலேயே இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்தபோது, தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகர வில்லையொன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலே மை கிடையாது; தகரத்தில் அழுந்திய எண் மட்டுமே. அந்த வில்லையைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கிலே ஏறும். அதற்கு முன்னிருந்தே 'துண்டு' என்ற காகிதம் வழங்கிற்று. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கலாமென்று துரை எழுதிக் கொடுப்பது அது. அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்திலே பெயர் பதிய முடியாது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் எத்தனை குடும்பங்கள் முத்திரை குத்திய ஒரு காகிதத்துக்காகக் கச்சேரி வாசலிலே காத்திருந்தன என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கைநாட்டு ஒன்றுதான் தொழிலாளி தாமே பதித்த அச்சு. அதுவும் பிறர் எழுதிய வாசகத்தின் அடியிலே பதித்தது.

படங்களின் கதையும் அதுவே. லிப்டன் 1890இல் இலங்கையிலே தோட்டம் வாங்கிய பின்னர், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்களிலே உலகமெங்கும் போயிற்று. கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் தபாலட்டைகள் எத்தனையோ அச்சாயின. அட்டையிலே தோட்டத்தின் பெயர் இருக்கும், அச்சிட்ட கம்பெனியின் பெயர் இருக்கும். நின்றவரின் பெயரை நாம் கண்டதில்லை. ஒளிப்படக் கலையின் மேதையருள் ஒருவரெனப் போற்றப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்திலே காலமானார். பொகவந்தலாவை சென் மேரீஸ் தேவாலயத்திலே அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின் என்று பெயர்கள் உண்டு. இலங்கையில் எடுத்த படங்களிலே உள்ள எளிய உழைப்பாளரோ பெயரற்றவராய் நிற்கிறார்கள். அம்மையாரின் கலையை நாம் குறை சொல்லவில்லை. அந்த முகங்களிலே அவர் காட்டிய கவனம் பெரியது. ஆயினும் அந்த முகங்களுக்குரியவரின் பேரப்பிள்ளைகள் தகட்டைக் கையில் எடுக்கும் நாள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

தோட்டத் தொழிலாளரை அச்சோவியர் ஒருவர் எப்படிக் காணலாம் என்பதற்கு வங்காளத்திலே ஒரு முன்மாதிரி உண்டு. சோமநாத் ஹோர் என்பவர் 1921இல் சிட்டகாங்கிலே பிறந்தவர். 1946இன் இறுதியிலே குடியானவர் கிளர்ச்சியையும், 1947இலே வடவங்கத்துத் தேயிலைத் தோட்டங்களையும் நேரிற் சென்று கண்டு, குறிப்பும் கோட்டுச் சித்திரமுமாக நாட்குறிப்புகள் எழுதினார். கூலி எவ்வளவு, கூட்டத்திலே யார் என்ன பேசினார் என்பனவெல்லாம் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். பின்னாளில் அவர் செய்த 'காயங்கள்' என்ற வரிசையோ முற்றிலும் வேறு. களிமண் பலகையைக் கத்தியாலும் சூடான கோலாலும் புண்படுத்தி, அதனை அச்சாக வார்த்து, காகிதக் கூழை அதன்மேல் அழுத்தி எடுத்தார். வெள்ளைக் காகிதத்திலே வெள்ளைத் தழும்பு. மை ஒரு துளியும் இல்லை. அப்படங்களைப் பார்க்கும்போது நமக்குத் தகர வில்லையின் நினைவு வருகிறது.

"வயிறு நிரம்பாத ஊரிலே அச்சுப்பொறி எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் இருப்பர். அவர்களை நாம் கடிந்துகொள்ள மாட்டோம். மகன் சித்திரம் படிக்கிறான் என்றாற் தாய்க்கு வரும் கவலை நியாயமானது. ஆனால் 1966இற் சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலே சோழமண்டலக் கலைக்கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் இதே கேள்விக்கு முகங்கொடுத்தவர்களே. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்திலே நிலம் வாங்கி, மீந்த நேரத்திலே தம் ஓவியத்தை எழுதினார்கள். அச்சோவியத்துக்கு இதிலே ஓர் இயல்பான வசதியும் உண்டு. எண்ணெய் ஓவியம் ஒன்றை விற்றால் அது போய்விடும். அச்சோவியத்திலே இருபது படிகள் இருப்பதால் விலையைக் குறைத்து வைக்கலாம். ஆசிரியர் ஒருவர், கடைக்காரர் ஒருவர், ஏன், தோட்டத்துத் தொழிலாளி ஒருவரும் வாங்கித் தம் சுவரிலே மாட்டலாம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. கந்தப்பளையிலே பழைய ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இலே உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாறியது. கம்பளைக்கு அருகே பழைய லயத்து அறைகளிலே 2007இல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் அமைந்தது. தொழிற்சாலை ஹோட்டலாகலாம், லயம் அரும்பொருட்காட்சியகமாகலாம் என்றால், கைவிடப்பட்ட கட்டடம் ஒன்று பட்டறையாவதற்கு என்ன தடை? தேயிலைத் தொழிற்சாலையின் தளம் பாரமான யந்திரங்களைத் தாங்கிப் பழகியது. மேல்மாடங்களிலே கொழுந்தை வாட்டுவதற்கென்றே வைத்த சன்னல்கள் வரிசையாக இருக்கின்றன. படிகளை உலர்த்த அதைவிட நல்ல இடம் ஏது? நுவரெலியாப் பனியிலே காகிதத்தை நனைக்கத் தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். உண்மையிலே அந்தப் பனிதான் பெரிய இடையூறு. ஈரங் கண்ட காகிதத்தில் விரைவிலே பூஞ்சணம் பிடிக்கும். காகித அறைக்கு மட்டுமாவது நெருப்புச் சூடு வேண்டியிருக்கும்.

அந்த வீட்டுக்கு வெளிநாட்டு ஓவியரும் வரட்டும். வந்து, மலையழகை இரண்டு தகட்டிலே பதித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராயின், தபாலட்டைக் கதையே திரும்பவும் நடந்ததாகும். தங்குகின்றவர் ஒவ்வொருவரும் தோட்டத்துப் பாடசாலை மாணவர் சிலரைத் தம் பொறியருகே நிறுத்திக் கற்பிக்க வேண்டும். அவர் எடுக்கும் படிகளில் ஒன்று அந்த ஊரிலேயே தங்க வேண்டும். இவ்விரண்டு விதிகளும் இல்லாத வீட்டை நாம் ஆதரிக்கமாட்டோம். எழுதுவதற்குரிய பொருளை அயலாரிடம் கேட்க வேண்டியதில்லை. பெரட்டுக் களம், கவ்வாத்து வெட்டிய மலை, காமன் கூத்து, பழைய தேயிலைப் பெட்டியின் பலகை எல்லாம் இங்கேயே கிடக்கின்றன. அந்தப் பலகையிலேயே செதுக்கலாம். தேயிலைச் சாயத்திலே இரும்புச் சத்துக் கலந்தாற் கருநிறம் வரும் என்பதும் பாட்டிமார் அறிந்ததே. மலைநாட்டு ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், தேயிலைச் சாயத்தையே தம் ஓவியத்துக்குப் பொருளாக்கிக்கொண்டவர். அவரைப் போன்றோர் சித்திரம் பயில யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் செல்ல வேண்டியிருந்தது. அடுத்து வருகின்றவர்கள் சனிக்கிழமை பிற்பகலிலே பேருந்தேறிப் போகக்கூடிய தூரத்தில் ஒரு பொறி இருக்கட்டுமே.

பொறி வரும்வரை நம் அன்பர் சும்மா இருக்க வேண்டியதில்லை. தடித்த அட்டையிலே படத்தை வெட்டி, இன்னொரு அட்டையின்மேல் ஒட்டி, காய்ந்தபின் மேலே வார்னிஷ் பூசி ஒருநாள் உலரவிடுக. சிறு துணிப் பந்தால் அச்சுமையை மேட்டிலே மட்டும் ஒற்றுக. மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தித் தேய்க்க. தம் பெயரையும் படத்திலே சேர்க்க விரும்பினால், மெல்லிய தாளில் எழுதி, சன்னற் கண்ணாடியிலே பின்புறமாகத் திருப்பி வைத்துப் படியெடுத்து, அதன்படி வெட்டுக. முதல் இரண்டு படிகள் திட்டுத் திட்டாகத்தான் வரும். அட்டை மையைக் குடித்தபின் மூன்றாவதிலிருந்து சீராகும். எத்தனை படி எடுத்தார் என்பதை ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எழுதிவைத்து, ஒன்றை நமக்கும் அனுப்புவாராக.